ஒரு மில்லிமீட்டர் தமனி

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் தமனி 5 முதல் 7 மில்லிமீட்டர். ஆணுறுப்புக்குப் போகும் தமனியோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிலிருந்து பிரிந்து விறைப்புத் திசுவின் நடுவே ஓடும் கிளை, உறுப்பு தளர்ந்திருக்கும்போது ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்தக் கிளையைத் தேடிப் பிடித்து, அதில் ரத்தம் நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து சொல்வதை மதுரையில் ஒரு ரேடியாலஜிஸ்ட் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். பெனைல் டாப்ளர் என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். ஸ்கேன் தொழிலில் இருக்கிற பலர் தட்டிக்கழிக்கப் பார்க்கும் வேலை இது. நேரம் பிடிக்கும், ஊசி போட வேண்டும், பேச வேண்டும். டாக்டர் அதை விரும்பியே எடுத்துக்கொண்டார்.

அவர் தன் ஊர்க்காரர்களை அதிகம் பார்ப்பதில்லை. தேனிக்காரர் மதுரைக்கு வருகிறார், மதுரைக்காரர் திருச்சிக்குப் போகிறார், திருச்சிக்காரர் சென்னைக்கு ரயில் ஏறுகிறார். தெரிந்த முகம் ஏதாவது எதிர்ப்பட்டுவிடுமோ என்ற பயம்தான். ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையும் அந்தப் பயத்துக்கு உதவுவதில்லை. தண்ணீர் பாட்டிலும் பழைய ஃபைலுமாகக் கர்ப்பிணிகள், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ, சுவரில் கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படாது என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலகை. நடுவில் ஓர் ஆண் தனியாக வந்து உட்கார்ந்தால், "உங்களுக்கு என்னண்ணே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். "கிட்னியில கல்லு" என்று சொல்லிவைப்பது வழக்கம். கவுன்ட்டரில் பரிசோதனையின் பெயரைச் சத்தமாகப் படிக்கக் கூடாது, வெறும் 'டாப்ளர்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் தன் ஊழியர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

அங்கே வந்து சேரும்முன் அவர்கள் பல படிகள் ஏறியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் நோட்டீஸ், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன அறை என்று விளம்பரம் செய்யும் வைத்தியர், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் லேகிய டப்பாவோடு பேசுபவர். ஆண்மைக் குறைவைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுத்திருக்கிறது. நோட்டீஸ் நிற்கவில்லை. வருபவர்களில் பலர் ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய ரத்தக் குழாயை அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் டாக்டரை அதிகம் வருத்துவது. ரத்த அழுத்தம்கூடப் பார்க்கப்பட்டிருக்காது.

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. உறுப்பின் உள்ளே பஞ்சு போன்ற திசுவால் ஆன இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தமனி. தூண்டுதல் வந்ததும் நரம்பு நுனிகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகின்றன. தமனியும் திசுவில் உள்ள மென்தசையும் தளர்ந்து கொடுக்கின்றன. ரத்தம் பாய்ந்து உள்ளே நிரம்புகிறது. நிரம்பிய திசு விரிந்து, வெளியே போர்த்தியிருக்கும் கெட்டியான உறையோடு அழுந்தும்போது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிறு சிரைகள் இரண்டுக்கும் நடுவே நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வந்த ரத்தம் அங்கேயே தங்குகிறது. ஆகவே ரத்தக் குழாய் சார்ந்த கோளாறு இரண்டு இடத்தில் இருக்கலாம்: வரத்து குறைவது, அல்லது வந்தது தங்காமல் போவது. டாக்டர் இதை நோயாளிகளுக்குச் சைக்கிள் ட்யூபை வைத்துச் சொல்வார். பம்ப் சரியில்லை என்றாலும் காற்று ஏறாது, வால்வு சரியில்லை என்றாலும் காற்று நிற்காது. எது பழுது என்று தெரியாமல் ட்யூபை மாற்றிப் பயனில்லை.

எது பழுது என்று கண்டுபிடிக்கும் வழிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் இரண்டு முக்கியமான கட்டங்கள் ஒரே ஊரில் நடந்தன. 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்பது அதன் சாரம். ஓடும் ரத்தத்திலிருந்து திரும்பும் ஒலிக்கும் அது பொருந்தும் என்று 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா ஷிகேயோ காட்டினார். அதே பிராக் நகரில் 1973-இல் வாக்லவ் மிஹல் என்ற அறுவை மருத்துவர், வயிற்றுச் சுவரின் தமனி ஒன்றைத் திருப்பி ஆணுறுப்பின் விறைப்புத் திசுவோடு நேரடியாக இணைத்தார். விறைப்புக் குறைபாடு மனத்தின் நோய் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. ரத்தம் வராததாலும் இது நேரும் என்று கத்தியை வைத்துச் சொன்னவர் அவர்.

அடுத்த திருப்பம் பாரிஸில். ரத்தக் குழாய் அறுவை மருத்துவரான ரொனால்ட் விராக், அறுவையின்போது பாப்பாவெரின் என்ற மருந்து தமனிக்குள் போனதும் விறைப்பு ஏற்பட்டதைக் கவனித்து, 1982-இல் லான்செட் இதழுக்கு எழுதினார். மறுவருடம் லாஸ் வேகாஸில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்களின் மாநாட்டு மேடையில் பிரிட்டிஷ் உடலியலாளர் கைல்ஸ் பிரிண்ட்லி, தன் உறுப்பில் தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மருந்து வேலை செய்வதைச் சபைக்கு நேராகக் காட்டினார். அந்த மாலை பற்றி உலகமெங்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். டாக்டர் அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. பாலுணர்வுக் காட்சி எதுவும் இல்லாமல், மருந்தால் மட்டும் தசை தளர்ந்து விறைப்பு வரும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பார். அங்கிருந்து ஒரு தாவல்தான் மிச்சம். 1985-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டாம் லூவும் அவருடன் இருந்தவர்களும் ஊசியையும் டாப்ளரையும் சேர்த்தார்கள்: மருந்தால் தமனியைத் திறக்க வை, திறந்த தமனியில் வேகத்தை அள. இன்று மதுரையில் நடப்பது அதே பரிசோதனைதான். இயந்திரம் மட்டும் மிகவும் கூர்மையாகியிருக்கிறது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, உறுப்பை வயிற்றின்மேல் சாய்த்து, அடிப்பக்கத்தில் புரோபை வைக்க வேண்டும். தைராய்டு பார்க்கும் அதே உயர் அதிர்வெண் லீனியர் புரோப். புரோபை வைக்கும்முன் டாக்டர் இரண்டு தொடையிடுக்கிலும் விரல் வைத்து நாடி பார்ப்பார். பிறகு தளர்ந்த நிலையில் ஒரு சுற்று: திசுவில் தழும்பு இருக்கிறதா, உறையில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, தமனியின் சுவர் தடித்திருக்கிறதா. உறை தடித்து உறுப்பு வளையும் நோயில், படிந்த சுண்ணாம்பின் கீழே ஒலி போகாமல் கறுப்பு நிழல் விழும். அதை இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் ஊசி. இன்சுலின் போடும் மெல்லிய ஊசிதான்; பக்கவாட்டில், மேலே ஓடும் நரம்பையும் கீழே உள்ள சிறுநீர்த் தாரையையும் விட்டு விலகிப் போட வேண்டும். ஒரு பக்கம் போட்டால் போதும், இரண்டு உருளைகளுக்கும் இடையில் உள்ள தடுப்பின் துளைகள் வழியாக மருந்து மறுபக்கமும் போய்விடும். நம் ஊரில் பெரும்பாலும் பாப்பாவெரின்தான். விலை குறைவு, குளிரில் வைத்துக் காக்க வேண்டியதில்லை. புரோஸ்டாகிளாண்டின் இ1 இன்னும் பாதுகாப்பானது, ஆனால் விலை அதிகம், குளிர்பெட்டி வேண்டும், சிலருக்கு உறுப்பில் வலி எடுக்கும். நீலம் பாரித்துப் பிறக்கும் சில குழந்தைகளின் இதயத்தருகே உள்ள ஒரு குழாய் மூடிவிடாமல் இருக்க, பச்சிளங்குழந்தைப் பிரிவில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் இதே மருந்து.

ஊசி போட்டபின் ஐந்தாவது நிமிடம், பத்து, பதினைந்து, இருபது என்று ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத் தமனியையும் அளக்க வேண்டும். திரையில் அலை அலையாக ஒரு வரைபடம் ஓடும். இதயம் சுருங்கும் நொடியில் எழும் உச்சம் ஓர் எண். விரியும் வேளையின் முடிவில் மிஞ்சும் ஓட்டம் இன்னோர் எண். உச்ச வேகம் நொடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் வரத்து நன்றாக இருக்கிறது. 25-க்குக் கீழே என்றால் தமனியில் கோளாறு. இடையில் இருப்பது தீர்ப்புச் சொல்ல முடியாத இடம். கடைசி ஓட்டம் இதற்கு நேர்மாறு. உள்ளே அழுத்தம் ஏற ஏற அது குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகி, பிறகு கோட்டுக்குக் கீழேயும் இறங்க வேண்டும். உச்சம் நன்றாக இருந்தும் கடைசி ஓட்டம் 5 சென்டிமீட்டருக்குமேல் நின்றுகொண்டே இருந்தால், ரத்தம் வெளியே கசிகிறது என்று அர்த்தம். வீனஸ் லீக் என்பார்கள்.

இந்த இரண்டு சொற்கள்தான் டாக்டரின் மனத்தை அதிகம் ஆக்கிரமிப்பவை.

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்த ஓர் இளைஞன் வந்தான். இருபத்தேழு வயது, கல்யாணமாகிச் சில மாதங்கள். கையில் வேறு ஊரில் எடுத்த ரிப்போர்ட், முடிவு என்ற இடத்தில் வீனஸ் லீக் என்று கொட்டை எழுத்து. கூடவே அவனுடைய அப்பா. அவரை வெளியே உட்காரச்சொல்லிவிட்டு, டாக்டர் இயந்திரத்தைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

"டாக்டர், ஆபரேஷன் ஒண்ணுதான் வழின்னாங்க. அதுவும் கேரண்டி இல்லையாம்."

"அது அப்புறம் பேசலாம் தம்பி. காலையில தூங்கி எழும்போது எப்படி இருக்கு?"

"அது நல்லாத்தான் சார் இருக்கு. அவங்க பக்கத்துல வந்தாத்தான்…"

தூக்கத்தில் நல்ல விறைப்பு வருகிறவனுக்குச் சிரை கசிய வாய்ப்பு மிகக் குறைவு. பழைய ரிப்போர்ட்டை டாக்டர் புரட்டினார். ஐந்தாவது நிமிடத்தில் எடுத்த ஒரே ஒரு அளவு. என்ன மருந்து, எவ்வளவு என்பது இல்லை. உறுப்பு எந்த அளவு விறைத்தது என்பதும் இல்லை. அன்று அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, "மூணு பேர் சார். ஒரு மேடம் கதவைத் திறந்து திறந்து வந்துக்கிட்டே இருந்தாங்க" என்றான்.

பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது மென்தசையை இறுக்கும். ஊசி மருந்து தளர்த்தப் பார்க்க, பயம் இறுக்கப் பார்க்க, திசு பாதியில் நின்றுவிடும். பாதி விரிந்த திசுவால் சிரையை நசுக்க முடியாது, ரத்தம் கசியும். இயந்திரம் அளந்த எண் அந்த நேரத்துக்கு உண்மைதான். அந்த எண்ணை வைத்து அந்த மனிதனுடைய குழாயைப் பற்றிச் சொன்ன முடிவுதான் பிழை.

அன்று ஏ.சி.யைக் குறைத்து, விளக்கை மங்கவைத்து, ஜெல்லைச் சூடாக்கி, கதவைத் தாழிட்டுப் பரிசோதனை நடந்தது. உதவிக்கு எப்போதும் நிற்கும் பையனும் வெளியே. ஐந்தாவது நிமிடத்தில் கடைசி ஓட்டம் 9. பத்தாவது நிமிடத்தில் 7. பழைய ரிப்போர்ட்டின் கதைதான் திரும்புவதுபோல இருந்தது. டாக்டர் இன்னொரு சிறிய அளவு மருந்து கொடுத்தார். அவனைத் தனியாக விட்டுவிட்டு, வெளியே அப்பாவிடம் போய் ஊர், மழை, விவசாயம் என்று பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து புரோபை வைத்தபோது உச்சம் 52, கடைசி ஓட்டம் கோட்டுக்குக் கீழே. கண்ணுக்கு நேராக விறைப்பும் முழுமையாக இருந்தது. அந்த இளைஞனுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே என்பது எவருக்கும் புரியும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், அந்த ரிப்போர்ட் மருத்துவரின் மேஜையோடு நிற்பதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், ஆண்மையின்மையால் உறவு நிகழாத மணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் உரிமையைப் பன்னிரண்டாம் பிரிவில் தருகிறது. குடும்ப நீதிமன்ற வழக்குகளில் டாப்ளர் ரிப்போர்ட்டும் ஆவணமாக வந்து நிற்கும். வழக்கு வராவிட்டாலும், வீனஸ் லீக் என்று ஒருமுறை படித்த ஆண் அடுத்த முறை மனைவியின் அருகே போகும்போது அதைத்தான் நினைப்பான், நினைத்தால் அட்ரினலின், அட்ரினலின் வந்தால் ரிப்போர்ட் சொன்னது நடக்கும். கசியும் சிரைகளைக் கட்டும் அறுவை சிகிச்சையின் பலன் நிலைப்பதில்லை என்று தெரிந்து, அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்காமல் விட்டிருக்கிறது. அப்படியிருக்க, இருபது நிமிடம் பொறுக்காமல் அந்த முடிவை எழுதுவதை டாக்டரால் ஏற்க முடியவில்லை. இளநிலை மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அவர் குரல் உயர்வது இந்த இடத்தில்தான். முழு விறைப்பு வராத பரிசோதனையில் வீனஸ் லீக் என்று எழுதாதே, மருந்துக்குப் போதிய பலன் இல்லை, முடிவு சொல்வதற்கில்லை என்று எழுது என்பார்.

அவசரத்தில் தமனியையும் தவறாகக் குற்றம் சாட்டலாம். வேகத்தை உறுப்பின் அடிப்பகுதியில், விதைப்பையை ஒட்டிய இடத்தில் அளக்க வேண்டும். நுனியை நோக்கிப் போகப் போக வேகம் இயல்பாகவே குறையும். ஒலிக்கற்றைக்கும் குழாய்க்கும் உள்ள கோணம் 60 டிகிரியைத் தாண்டினால், சிறு பிசகுகூட எண்ணைப் பெரிதாக மாற்றிவிடும். நல்ல ஆரோக்கியமானவருக்கு முழு விறைப்பு வந்தபின் உள்ளே அழுத்தம் ஏறிவிடுவதால் தமனியில் ஓட்டமே மெலிந்துபோகும். அந்த நேரத்தில் மட்டும் புரோபை வைத்தவர் அவரைத் தமனிக் கோளாறு உள்ளவர் என்று முடிவுகட்டிவிடலாம்.

இன்னொரு பக்கம், எண் மெய்யாகவே குறைவாக இருந்தால் அதை மழுப்பவும் கூடாது.

ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை வந்து எட்டு வருஷம். மாத்திரை போட்டும் பலனில்லை என்று யூராலஜிஸ்ட் அனுப்பியிருந்தார். இருபதாவது நிமிடத்தில் வலது பக்கம் 14, இடது பக்கம் 16. அலையின் உச்சி கூராக எழாமல் மழுங்கி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. தமனிச் சுவரில் வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாடி ஏறும்போது நெஞ்சுல இறுக்கமா இருக்கா சார்?" இல்லை என்றார். கொஞ்சம் யோசித்து, போன மாதம் குடோனில் மூட்டை நகர்த்தியபோது தாடைவரை ஒரு மாதிரி இழுத்தது என்றார். வாயு என்று நினைத்துச் சோடா குடித்தாராம்.

"நீங்க முதல்ல ஹார்ட் டாக்டரைப் பாருங்க."

"நான் எதுக்கு வந்தேன், நீங்க எங்க சார் அனுப்புறீங்க?"

அவர் கோபப்பட்டது நியாயம்தான். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கொழுப்பும் சர்க்கரையும் பிரஷரும் புகையும் உடம்பின் எல்லாத் தமனிகளையும் ஒரே நேரத்தில்தான் கெடுக்கின்றன. அதே தடிமனுக்கு உட்சுவர் தடித்தால் 4 மில்லிமீட்டர் குழாய் சமாளித்துவிடும். ஒரு மில்லிமீட்டர் குழாய் அடைபட்டுவிடும். அதனால் முதலில் குறை தெரிவது கீழே. இத்தாலியின் மிலான் நகரத்தில் பிரான்செஸ்கோ மோன்டோர்சியும் சகாக்களும், நெஞ்சுவலியோடு வந்து ஆஞ்சியோகிராமில் அடைப்பு உறுதியான 300 ஆண்களைக் கேட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 49 சதவீதத்தினருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அந்தக் குறை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே, சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, ஆரம்பித்திருந்தது. கீழே வேகம் குறைந்தால் மேலே அடைப்பு உறுதி என்று இதற்குப் பொருளில்லை. பார்த்தாக வேண்டும் என்று பொருள்.

வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனார். டிரெட்மில் சோதனையில் கோளாறு தெரிந்து, ஆஞ்சியோகிராமில் இரண்டு தமனியில் அடைப்பு இருந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். விறைப்புப் பிரச்சினை அதனால் தீரவில்லை. அதற்குப் பின்னால் யூராலஜிஸ்ட்டிடம் தனியாகச் சிகிச்சை எடுத்தார். ஆனால் அதன்பிறகு தன் தம்பியை, மைத்துனரை, கடையில் இருக்கும் சர்க்கரைக்காரர்களை எல்லாம் அவரே ஹார்ட் டாக்டரிடம் கூட்டிப்போக ஆரம்பித்தார். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அவர்களில் எத்தனை ஆண்களிடம் சர்க்கரை மருத்துவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார்? காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். இதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

தொடையிடுக்கில் நாடி பார்க்கும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. நாள் முழுக்கப் புகைபிடிக்கும் ஒருவர் வந்திருந்தார். விறைப்பு இல்லை என்பதோடு, நடந்தால் இரண்டு பிட்டமும் வலித்து உட்காரவேண்டியிருக்கிறது என்றார். முதுகெலும்புப் பிரச்சினை என்று நினைத்து எம்.ஆர்.ஐ. வரை எடுத்திருந்தார். தொடையிடுக்கில் இரண்டு பக்கமும் நாடி இல்லை. வயிற்றில் மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்திலேயே அடைப்பு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் விவரித்த நோய், அவர் பெயராலேயே வழங்குகிறது. ஊசியே தேவைப்படவில்லை. அன்றே ரத்தக் குழாய் அறுவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

பைக் விபத்துகள் இன்னொரு வகை. இடுப்பெலும்பு முறிந்தால், எலும்பை ஒட்டி ஓடும் தமனி கிழியலாம், நசுங்கலாம். எலும்பு கூடி, நடக்க ஆரம்பித்து, வேலைக்குப் போனபின்தான் பையன்கள் வாயைத் திறக்கிறார்கள். அப்படி ஒருவனுக்கு ஒரு பக்கம் 38, மறுபக்கம் 11. வித்தியாசமே கதையைச் சொல்லிவிட்டது. இளம் வயது, சர்க்கரையில்லை, ஒரே இடத்தில் அடைப்பு என்றால் தமனியை இணைத்துச் சரிசெய்யும் அறுவைக்கு இடமுண்டு. மிஹல் தொடங்கிவைத்த வழியின் இன்றைய வடிவம் இது. அதைச் செய்யும் மையங்கள் குறைவு, ஆனால் அந்தப் பையனுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல டாப்ளர் தேவைப்பட்டது.

1998 மார்ச்சில் அமெரிக்காவில் சில்டெனாஃபில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதே வருடம் நைட்ரிக் ஆக்ஸைடின் பணியைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு. மாத்திரை இருக்கும்போது ஊசியும் டாப்ளரும் எதற்கு என்று அப்போதிலிருந்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் தேவையில்லை என்பதில் டாக்டருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பெரும்பாலோருக்கு விவரம் கேட்டு, பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் டெஸ்டோஸ்டிரோனும் பார்த்து, மாத்திரை கொடுத்தாலே போதும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு மட்டும் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இளம் வயதினர், அடிபட்டவர்கள், மாத்திரைக்கு அசையாதவர்கள், உறுப்பு வளைந்தவர்கள், செயற்கைத் தண்டு வைக்க யோசிப்பவர்கள் ஆகியோருக்குத்தான் இந்த அறை.

டாக்டரின் ரிப்போர்ட் மற்றவர்களுடையதைவிட நீளம். மருந்தின் பெயர், அளவு, இரண்டாவது முறை கொடுத்தாரா, ஒவ்வொரு நிமிடத்திலும் இரண்டு பக்க எண்கள், விறைப்பு நான்கு படிகளில் எந்தப் படி, வீட்டில் வருவதைவிடக் குறைவா அதிகமா என்று நோயாளி சொன்னது, எல்லாம் இருக்கும். ஆண்மையற்றவர் என்ற சொல் எந்த வடிவிலும் இருக்காது. மனைவி உடன் வந்திருந்தால், நோயாளி சம்மதித்தால், முடிவை இருவருக்கும் சேர்த்தே சொல்வார். கேள்விகளை அதிகம் கேட்பது மனைவிமார்தான் என்பது அவர் அனுபவம்.

பரிசோதனை முடிந்ததும் யாரையும் உடனே அனுப்புவதில்லை. உறுப்பு தளரும்வரை பக்கத்து அறையில் இருக்க வேண்டும். போகும்போது கையில் ஒரு தாள்: விறைப்பு நான்கு மணி நேரத்துக்குமேல் நீடித்தால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், உடனே கூப்பிடவும். அப்படி நேர்ந்தால் தேங்கிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஃபினைல்எஃப்ரின் செலுத்தித் தளர்த்த வேண்டும். கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் திசு நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பாப்பாவெரினில் அந்த அபாயம் சற்று அதிகம். அதனால் யூராலஜிஸ்ட் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்ட பிறகே டாக்டர் தேதி கொடுக்கிறார். சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்வதில்லை, தீபாவளிக்கு முதல் நாள் வைத்துக்கொள்வதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வருவதே பெரும்பாடு என்பதால், அந்த வாரம் முழுக்க அவருடைய அப்பாயின்ட்மென்ட் நோட்டில் பெனைல் டாப்ளர் ஒன்றுகூட இருக்காது.